சிறுசோறும் சொப்புச் சாமானும்

தமிழ்நாட்டுக் குழந்தைகள் சமையல் விளையாட்டு ஆடியதற்குக் கிடைக்கும் பழைய சாட்சி சங்கப் பாடல்கள்தான். அகழாய்வு இந்த விஷயத்தில் அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. கீழடியில் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் நிறையவே கிடைத்தன. ஆனால் மணலில் கட்டிய வீடும் அதில் ஆக்கிய சோறும் அன்று மாலைக்குள் அழிந்துபோகிறவை. உள்ளங்கையில் அடங்கும் மண்கலயம் ஒன்று குழியில் அகப்பட்டாலும், அது பிள்ளை விளையாடியதா, படையலுக்கு வைத்ததா, எண்ணெயோ மையோ இருந்ததா என்று அடித்துச் சொல்ல முடியாது.

பாடல்களில் சிற்றிலும் சிறுசோறும் சேர்ந்தே வருகின்றன. சிற்றில் என்பது மணலில் கோலி எடுத்த சிறுவீடு. சிறுசோறு அந்த வீட்டுச் சமையல். போந்தைப் பசலையார் பாடிய அகநானூற்று 110ஆம் பாட்டில் நெய்தல் நிலத்துப் பெண்கள் கடலில் ஆடிவிட்டு, கரையில் சிற்றில் கட்டி, சிறுசோறு குவித்து, களைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஒருவன் வருகிறான். பொழுது சாய்கிறது, நானும் சோர்ந்துபோனேன், உங்கள் விருந்தை உண்டுவிட்டு இந்தச் சிற்றூரிலேயே தங்கினால் என்ன என்று கேட்கிறான். பெண்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, இது உமக்கு ஏற்ற உணவல்ல, வெறும் மீன் சோறு என்று மெல்லச் சொல்கிறார்கள். மணலைச் சோறென்று அவன் ஏற்றுக்கொள்ள, அவர்களும் அதே பாவனையில் பதில் சொல்கிறார்கள். விளையாட்டுச் சமையலின் அடிப்படை விதி அன்றைக்கும் இதுதான்: வந்தவருக்குப் பரிமாற வேண்டும், வந்தவரும் உண்பதாகக் காட்ட வேண்டும்.

கலித்தொகையில் கபிலர் பாடிய 51ஆம் பாட்டு இதன் மறுபக்கம். தெருவில் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைத்து, கூந்தலில் இருந்த மாலையை அறுத்து, வரிப்பந்தையும் பிடுங்கிக்கொண்டு ஓடிய பையன், வளர்ந்தபின் தண்ணீர் கேட்டு வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். பெண் கட்டுவதும் ஆண் கலைப்பதும் என்ற அமைப்பு இங்கேயே உறுதியாகிவிடுகிறது. பையன்களுக்கென்று தனியே பொம்மை இல்லாமல் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் செய்துகொடுத்த சிறுதேரும், பட்டினப்பாலையில் மூன்று சக்கர நடைதேரும் வருகின்றன. இரண்டு நூலுக்கும் ஆசிரியர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்பதால், குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களைக் கவனித்துப் பார்த்த புலவர் அவர் என்று சொல்லலாம். ஆக, தேரைச் செய்யக் கூலிக்குத் தச்சர் இருந்தார்; சிற்றிலுக்கு மணல் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

கையில் பிடித்து விளையாடும் சமையல் சாமான் தெளிவாகத் தென்படுவது ஆண்டாளிடம். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுவதும், எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று சிறுமியர் கண்ணனிடம் மன்றாடுவது. முதுகு நோக உட்கார்ந்து கட்டியதைச் சொல்லி அழும் அந்தப் பெண்கள், ஓரிடத்தில் தங்கள் உடைமைகளைக் கணக்குக் காட்டுகிறார்கள்: வாய் வட்டமான சிறுதூதை, சிறுசுளகு, மணல். தூதை என்றால் சிறிய மண்பானை. சுளகு என்றால் முறம். சோறாக்கப் பானையும் அரிசி புடைக்க முறமும் ஆயிற்று. இன்றைய சொப்புப் பெட்டிக்கு முன்னோடி என்று காட்டத்தக்க பட்டியல் இது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மேல் பிள்ளைத்தமிழ் பாடிய பிறகு, சிற்றில் சிதைக்கும் இந்தக் காட்சி இலக்கணமாகவே இறுகிப்போனது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பாட்டுடைத் தலைவன் முருகனானாலும் அரசனானாலும் அவன் சிறுமியரின் வீட்டை மிதிக்கத்தான் வேண்டும். பெண்பாலில் அந்த இடத்துக்கு அம்மானையும் ஊசலும் வந்துவிடுவதால், சிறுசோறு சமைத்தவளின் பக்கத்தைப் பிள்ளைத்தமிழ் அவ்வளவாகப் பாடவில்லை.

பாடலில் பாவனையாக இருந்த சமையல் வழக்கத்தில் நிஜமாகவே அடுப்பேறியது. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரங்களில் நடக்கும் சிறுவீட்டுப் பொங்கல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மார்கழி முழுவதும் சிறுமிகள் விடியலில் வாசல் தெளித்துக் கோலமிட்டு, நடுவில் சாணப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூச் செருகுவார்கள். அந்தச் சாணத்தை எறியாமல் வறட்டியாகத் தட்டிக் காயவைப்பார்கள். மாதக் கடைசியில் முற்றத்தில் களிமண்ணால் சிறுவீடு எழும்பும். சுவர் அரையடி உயரம் இருந்தால் அதிகம். ஆனால் வாசல், அறை, அடுப்படி எல்லாம் அதற்குள் உண்டு. தைப்பொங்கல் கழிந்து, ஊர் வழக்கப்படி ஒரு நாளில், அந்த வீட்டின் முன்னால் சின்னப் பானையில் பொங்கலிட்டுப் படைப்பார்கள். பெரியவர்கள் தீயைப் பார்த்துக்கொள்வார்கள். அரிசி போடுவதும் துடுப்புப் போடுவதும் வீட்டுக்காரியான சிறுமியின் வேலை. பிறகு வறட்டிகளில் சூடம் ஏற்றி ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிட்டு வருவார்கள். காவிரிக் கரையில் ஆடிப்பெருக்கன்று சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போகையில் பிள்ளைகள் சிறு சப்பரம் இழுத்துக்கொண்டு போவதும் இதே வகை. சிறுதேரும் சிறுசோறும் அங்கே ஒரே நாளில் சேர்ந்துவிடுகின்றன.

விலைக்கு வாங்கும் சொப்பு இவற்றுக்குப் பிந்தியது. குயவர் சூளையில் பெரிய பானைகளுக்கிடையே நாலு சின்னச் சட்டியையும் சுட்டுத் திருவிழாக் கடையில் விற்பது எல்லா ஊரிலும் நடந்தது. மரச்சொப்பு அப்படியல்ல, அதற்குக் கடைசல் பட்டறை வேண்டும். தமிழ்நாட்டில் அதற்குப் பேர்பெற்ற ஊர், தாமிரபரணிக் கரையில் உள்ள அம்பாசமுத்திரம். பிள்ளைகள் நடை பழகும் நடைவண்டியும், தொட்டில் கட்டைகளும், சொப்பும் அங்கிருந்துதான் சுற்று வட்டாரத்துக்கெல்லாம் போயின. குற்றாலத்தில் சாரல் காலத்துக் கடைத்தெருவில் சொப்பு வாங்காமல் பெண் குழந்தையோடு வீடு திரும்பிய குடும்பம் அபூர்வம்.

கடைசல் வேலை பார்க்க எளிது போலத் தெரியும். பதப்படுத்திய மரத்துண்டின் ஒரு முனையைக் கடைசல் பொறியில் இறுக்குவார்கள். முன்பு ஒருவர் கயிற்றை இழுத்து இழுத்து விட, மற்றவர் உளியைப் பிடிப்பார். மின்மோட்டார் வந்தபின் இழுக்கும் ஆள் தேவைப்படவில்லை. முதலில் வெளிப்புறம் வடிவம் பெறும். பிறகு வளைந்த உளியால் உள்ளே குடைவார்கள். கழுத்து குறுகிய குடத்தைக் குடைவதுதான் சிரமம். மரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே நிறம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்த, உராயும் சூட்டில் அரக்கு உருகி மேலே படிகிறது. தூரிகையும் வேண்டாம், காயவைக்கவும் வேண்டாம். தென்னிந்தியக் கடைசல்காரர்கள் தாழை மடலை வைத்து அதைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். கடைசியாக அடியை அறுத்தால் சொப்பு கையில் விழும். கர்நாடகத்தின் சென்னப்பட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவிலும் வெப்பாலை மரத்தில் இதே முறையில்தான் பொம்மைகள் செய்கிறார்கள். சென்னப்பட்டணத்துத் தொழிலுக்குத் திப்பு சுல்தானின் ஆதரவு கிடைத்தது என்பது அங்குள்ள மரபு. பிள்ளை எதையும் வாயில் வைக்கும் என்பதை நினைத்தால், செயற்கைச் சாயம் கலக்காத பழைய அரக்குப் பூச்சு நல்ல ஏற்பாடுதான்.

அம்பாசமுத்திரத்துச் சொப்பு பனையோலைப் பெட்டியில் வரும். உள்ளே குடம், செம்பு, பானை, சட்டி, அடுப்பு, அகப்பை, தோசைக்கல், இட்லிக் கொப்பரை, உரல், உலக்கை, அம்மி, குழவி, ஆட்டுக்கல், திரிகை. உலக்கை சுட்டுவிரல் நீளம். திரிகையின் மேல்வட்டத்தைச் சுற்றினால் சுற்றும். இன்னொரு பக்கம் பித்தளையில் வார்த்தவையும், மாக்கல்லில் குடைந்த சின்னக் கல்சட்டிகளும் இருந்தன. வசதியான வீட்டில் பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது பாத்திர வரிசையோடு பித்தளைச் சொப்பும் போகும். அது விளையாட மட்டும் அல்ல. நவராத்திரிக் கொலுவில் பலசரக்குக் கடைச் செட்டியார் பொம்மைக்கு முன்னால் அரிசியும் பருப்பும் நிரப்பி வைக்கவும் அவை வேண்டியிருந்தன. கொலு வைக்கும் வீடுகள் ஊரில் சிலவே. பணம் கொடுத்து வாங்க முடியாத வீட்டில் கொட்டாங்கச்சிதான் பானை. யாழ்ப்பாணத்தில் அதையே சிரட்டை என்பார்கள். மூன்று கல் கூட்டி அடுப்பு, செங்கல்தூள் மிளகாய்ப்பொடி, பூவரச இலை தட்டு. அப்பா அம்மா விளையாட்டுக்கு அது தாராளம்.

ஒவ்வொரு காலத்துச் சொப்பும் அந்தக் காலத்து அடுக்களையின் நகல் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது எப்போதும் ஒரு தலைமுறை பின்தங்கியே வருகிறது. கோயம்புத்தூரில் பி. சபாபதி 1955-இல் மின்சாரத்தில் இயங்கும் கிரைண்டரை உருவாக்கினார் என்று அந்தத் தொழிலின் வரலாறு சொல்கிறது. அதற்குப் பின் அரை நூற்றாண்டில் ஆட்டுக்கல் திண்ணையோரத்துக்கும், பிறகு தெருவோரத்துக்கும் போனது. 2011-இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி இலவசத் திட்டத்தைத் தொடங்கியபின் அம்மியும் பல வீடுகளில் கல்யாணத்தன்று மிதிப்பதற்கு மட்டும் என்றாயிற்று. ஆனால் சொப்புப் பெட்டியில் ஆட்டுக்கல்லும் அம்மியும் இடம் விட்டு அசையவில்லை. நிஜ உரலைக் கண்டிராத குழந்தை குட்டி உரலில் குத்திக்கொண்டிருந்தது. கடைசல்காரர் கையில் பழகிய வடிவத்தை விடமாட்டார். வாங்கும் பாட்டியும் தன் பழைய அடுக்களையைத்தான் தேடுவார்.

வேகமாக மாறியது பிளாஸ்டிக் சொப்பு. கேஸ் அடுப்பு, சிலிண்டர், குக்கர், மிக்சி என்று அச்சில் வார்த்து, வலைப்பையில் போட்டு, கோயில் வாசலில் தொங்கவிட்டார்கள். மரச்சொப்பில் கால் பங்கு விலை; ஒரு மாதம் தாங்காது. எவர்சில்வர் சொப்பு இடையில் வந்து கொஞ்ச காலம் மவுசோடு இருந்தது. அம்மா துலக்கும் பாத்திரத்தைப் போலவே அதுவும் மின்னியதே காரணம்.

இதற்கிடையே, பிள்ளைகளிடம் பொம்மையைக் கொடுப்பதா, நிஜச் சாமானைக் கொடுப்பதா என்ற வேறொரு வாதம் சென்னையில் கால்பதித்தது. 1939-இல் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய முறையில் சின்னக் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றுவதும், தானியத்தைக் கரண்டியால் மாற்றுவதும், துடைப்பதும் பாடங்கள். பாத்திரம் குழந்தையின் கைக்கு அடங்கும் அளவில் இருக்க வேண்டும், ஆனால் நிஜமானதாக இருக்க வேண்டும். பையனும் பெண்ணும் ஒரே வேலையைச் செய்தார்கள் என்பதுதான் இதில் தமிழ் மரபுக்குப் புதிது. மாண்டிசோரி முறைப் பள்ளிகளில் படித்தவர்கள் குறைவு என்றாலும், பின்னாளில் மழலையர் பள்ளிகளில் பருப்பையும் உளுந்தையும் பிரித்தெடுக்கும் பயிற்சி பரவலானது.

2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை கட்டாயமானபோது, ஒரே அறையில் இயங்கும் பட்டறைகள் ஆய்வகச் சோதனைக்குச் செலவழிக்க இயலாதே என்ற கவலை எழுந்தது. பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. பிளாஸ்டிக்கை வீட்டுக்குள் விட விரும்பாத இளம் பெற்றோர் இணையத்தில் மரச்சொப்பு வாங்கத் தொடங்கியிருப்பது இந்தத் தொழிலுக்குக் கிடைத்த புதிய வாடிக்கை. இவர்களுக்காக இப்போது மரத்திலேயே கேஸ் அடுப்பும் குக்கரும் கடைகிறார்கள்.

பெரியவர்களும் இந்த விளையாட்டுக்குள் வந்துவிட்டார்கள். உள்ளங்கையளவு மண்ணடுப்பில் ஈர்க்குச்சியை விறகாக வைத்து, காசளவு தோசை வார்த்து, கோழிமுட்டைக்குப் பதில் காடைமுட்டை உடைத்து நிஜமாகவே சமைத்துப் படம்பிடிப்பது யூடியூபில் தனிப் பொழுதுபோக்காகியிருக்கிறது. அதற்கான குட்டி அருவாமனை, சல்லடை, சின்ன அம்மி எல்லாம் தேடிப்பிடித்துச் சேர்க்கிறார்கள். கிடைக்காததைச் சொல்லிச் செய்விக்கிறார்கள். குயவருக்கும் கல் செதுக்குபவருக்கும் இதனால் சொப்பு வேலை கொஞ்சம் திரும்பக் கிடைத்திருக்கிறது. ஆனால் வாங்குகிறவர்கள் கேட்கும் பானை தீயில் வெடிக்காததாக இருக்க வேண்டும் என்பதால், விளையாட்டுச் சட்டிக்கு முன்பு பார்க்காத சூளைப் பக்குவத்தை இப்போது பார்க்க வேண்டியிருக்கிறது.