டயாலிசிஸ்: மெஷினுக்குப் பக்கத்து நாற்காலி

டயாலிசிஸ் மெஷின் கதையை நிறைய பேர் எழுதியாச்சு. அதுக்குப் பக்கத்து நாற்காலியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிற மனைவி, மகள், தம்பியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இந்த த்ரெட் அவங்களுக்காக.

1943. ஜெர்மன் ராணுவம் பிடித்திருந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் சாசேஜ் செய்யப் பயன்படும் செலோபேன் குழாயை ஒரு டிரம்மில் சுற்றி ரத்தத்தைச் சுத்தம் செய்யப் பார்த்தார். ஆரம்பத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் இறந்துபோனார்கள். 1945ல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்தார். ஆனா ஒவ்வொரு தடவையும் புது ரத்தக்குழாயை வெட்டணும். வருஷக்கணக்கில் செய்ய முடியாது.

1960ல் சியாட்டில் நகரத்தில் ஸ்க்ரிப்னர் கையிலேயே விட்டு வைக்கும் டெஃப்லான் குழாயைக் கொண்டுவந்தார். இப்போ வருஷக்கணக்கில் வாழலாம். மெஷின்தான் போதாது. யாருக்குக் கொடுப்பது? ஏழு பேர் கமிட்டி போட்டார்கள். கல்யாணம் ஆச்சா, எத்தனை குழந்தை, வருமானம் என்ன என்றெல்லாம் பார்த்து முடிவு செய்தார்கள். 1962ல் லைஃப் பத்திரிகை இதை எழுத, பெரிய விவாதமே நடந்தது.

அந்தக் கமிட்டி ஒரு பள்ளி மாணவியை நிராகரித்தது. 1964ல் இன்ஜினியர்கள் அவளுக்காகவே ஒரு சின்ன மெஷின் செய்தார்கள். வீட்டில் அதை ஓட்டக் கற்றுக்கொண்டவர் அவள் அம்மா. இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் அவர்தான்.

நம்ம பக்கம் வருவோம். 2009 கலைஞர் காப்பீடு, 2012 முதலமைச்சர் காப்பீடு, 2016 தேசிய டயாலிசிஸ் திட்டம். 1985ல் சிதம்பரம் அண்ணாமலைநகரில் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021ல் சுகாதாரத் துறைக்கு வந்தது. இன்னைக்கு கமிட்டி கிடையாது. ஆனா பரங்கிப்பேட்டையிலோ காட்டுமன்னார்கோவிலிலோ இருப்பவரை வாரம் மூணு நாள் கூட்டிட்டு வரணுமே, அது யார்? கூலி வேலையை விட்டுட்டு வர ஆள் இல்லாதவர் முதலில் ஒரு நாளைத் தவறவிடுவார். அப்புறம் ரெண்டு நாள்.

இவர்களில் பலருக்கு நலிவு இருக்கு. வயசானவர்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க, நாற்பது வயசிலும் பார்க்கிறோம். 2001ல் லிண்டா ஃப்ரீட் குழு ஐந்து அடையாளங்கள் சொன்னது: தானாக எடை குறைவது, தீராத அசதி, பிடி பலம் குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது. மூன்று இருந்தால் நலிவு. கீழே விழுவதும் ஆஸ்பத்திரியில் சேர்வதும் இவர்களுக்கு அதிகம்.

இங்கேதான் பாசமே எதிரியாகிறது. "கிட்னிக்காரருக்கு முட்டை ஆகாது" என்று வீட்டில் நிறுத்திடறாங்க. புரதத்தைக் குறைக்கச் சொன்னது டயாலிசிஸுக்கு முன்னாடி. ஆரம்பித்த பிறகு அதிகம் தேவை, ஏன்னா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளியே போகுது. எடைக்கு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 கிராமுக்குக் குறையக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு முட்டை வெள்ளைக்கரு நல்லது. அளவை உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

இன்னொன்று, "நீங்க படுங்கப்பா, நான் எடுத்துத் தர்றேன்." தண்ணி டம்ளரைக்கூட எடுக்க விடறதில்லை. ஆறே மாதத்தில் தொடை சூம்பிடும். டயாலிசிஸ் இல்லாத நாளில் தெருமுனை வரை கூட நடந்து போங்க. முடிந்தவுடனே மட்டும் எழுப்பாதீங்க, பிரஷர் இறங்கியிருக்கும். ஐந்து நிமிஷம் உட்கார வைத்துவிட்டு எழுப்புங்க.

கூட்டிட்டு வர ஆளே இல்லைன்னா, வீட்டிலேயே வயிறு வழியாகச் செய்யும் டயாலிசிஸ் பற்றிக் கேளுங்க. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எல்லாருக்கும் பொருந்தாது. ஆனா கேட்காமலே விட்டுட்டவங்க நிறைய பேர்.