மேகத்துக்குள் விமான மோதல் தவிர்ப்பு

மேகம், மூடுபனி, அடைமழை ஆகியவற்றினூடே பறக்கும் விமானங்கள் ஒன்றையொன்று நெருங்காதபடி காக்கும் விதிகளும் கருவிகளும் நடைமுறைகளும் சேர்ந்ததே மேகத்துக்குள் விமான மோதல் தவிர்ப்பு. திரண்ட மேகத்துக்குள் விமானம் புகுந்துவிட்டால் முன்கண்ணாடியில் வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரியாது; சில சமயம் தன் இறக்கை நுனியே விமானிக்குத் தெரியாது. அந்த நிலையில் கண் பயன்படாது. ஒவ்வொரு விமானமும் எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்ற முன்னேற்பாடே அங்கே பாதுகாப்பு. விமானத்தின் மூக்கில் உள்ள வானிலை ரேடார் இதற்கு உதவும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மழைத்துளிகளைக் காட்டுவதற்காக அமைந்தது. எதிரே வரும் விமானத்தைக் காட்டாது.

தொடக்கம்

பயணிகள் விமானங்கள் நடுவானில் மோதிக்கொண்ட முதல் விபத்தே பனிமூட்டத்தில்தான் நிகழ்ந்தது. 1922 ஏப்ரல் 7 அன்று வட பிரான்சின் பிக்கார்டிப் பகுதியில், பாரிசிலிருந்து லண்டன் சென்ற ஃபார்மான் கோலியாத் விமானமும் லண்டனிலிருந்து அஞ்சல் ஏற்றி வந்த டிஹாவிலண்ட் விமானமும் ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் நேருக்கு நேர் மோதின. ஏழு பேர் இறந்தனர். வழி தவறாமலிருக்க, இரண்டு விமானிகளும் கீழே தெரிந்த ஒரே சாலையைப் பார்த்துக்கொண்டு தாழப் பறந்திருந்தார்கள். வழி காட்டிய சாலையே இருவரையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்தியது.

கண் விதி, கருவி விதி

பறப்பு விதிகள் இரண்டு வகை. வெளியே பார்த்து, பிற விமானங்களைத் தானே கண்டு விலகிப் பறப்பது கண்பார்வை விதி. கருவிகளை மட்டும் நம்பி, தரையிலுள்ள வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தந்த பாதையிலும் உயரத்திலும் பறப்பது கருவி விதி. கண்பார்வை விதிப்படி பறப்பவர் மேகத்துக்குள் நுழையக்கூடாது. மேகத்தை ஒட்டிப் பறக்கவும் கூடாது. பன்னாட்டுப் பொது விதிப்படி பக்கவாட்டில் 1,500 மீட்டரும் மேலும் கீழும் 300 மீட்டரும் விலகியிருக்க வேண்டும். கருவி விதியில் வரும் விமானம் மேகச் சுவரிலிருந்து திடீரென வெளிப்பட்டால், அதைப் பார்த்து விலக அந்த இடைவெளியாவது வேண்டும்.

வேகம் கூடக்கூட அந்த இடைவெளியும் போதாமல் போகிறது. மணிக்கு 450 கடல்மைல் வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு ஜெட் விமானங்களுக்கு இடையிலான 8 கிலோமீட்டர் தூரம் 17 வினாடிகளில் கரைந்துவிடும். எதிர் விமானத்தைக் கண்டு, மோதும் பாதையில் வருகிறது என உணர்ந்து, முடிவெடுத்து, விமானத்தைத் திருப்புவதற்கே பன்னிரண்டு வினாடிக்கு மேல் ஆகும் என்பது அமெரிக்க விமானத்துறையின் கணக்கு.

“பார், விலகு” என்ற கொள்கையின் எல்லையை 1956 ஜூன் 30 விபத்து உலகுக்குக் காட்டியது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் மீது, யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத வான்பரப்பில், இரண்டு பயணிகள் விமானங்கள் 21,000 அடியில் மோதி 128 பேர் இறந்தனர். அன்று அங்கே குவியல் மேகங்கள் கோபுரங்களாய் எழுந்து நின்றன. அவற்றைச் சுற்றி வந்த விமானிகளுக்கு ஒருவரையொருவர் பார்க்க நேரமே இருந்திருக்காது. இரண்டு ஆண்டுகளில் அமெரிக்கா புதிய சட்டம் இயற்றி, வான்போக்குவரத்து முழுவதையும் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தது.

உயரம் என்னும் வேலி

மேகத்துக்குள் முதல் வேலி உயரம். கருவி விதியில் கிழக்கு நோக்கிச் செல்வோருக்கு ஒற்றைப்படை ஆயிரங்கள், மேற்கு நோக்கிச் செல்வோருக்கு இரட்டைப்படை ஆயிரங்கள். சென்னையிலிருந்து மும்பை செல்லும் விமானம் விதிப்படி 32,000 அல்லது 34,000 அடியில் பறக்கும். மும்பையிலிருந்து வருவது 33,000 அல்லது 35,000 அடியில். நடுவே 1,000 அடி. முன்பு 29,000 அடிக்கு மேல் 2,000 அடி இடைவெளி விடுவார்கள்; உயரமானிகள் துல்லியமானபின் அது பாதியானது.

உயரமானி அளப்பது உண்மையில் காற்றழுத்தத்தை. அழுத்த அளவை ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறாக வைத்தால் காட்டும் உயரம் ஏறக்குறைய 30 அடி பிசகும். அதனால் உயரே செல்லும் எல்லா விமானங்களும் 1013.25 என்ற ஒரே அளவை வைத்துக்கொள்கின்றன. அந்த எண் அன்றைய உண்மையான அழுத்தத்தோடு பொருந்தாவிட்டாலும் பாதகமில்லை. எல்லாருக்கும் ஒரே அளவில் பிசகினால் இடைவெளி குலையாது.

பக்கவாட்டுப் பிரிப்பு ரேடாரைப் பொறுத்தது. ரேடார் அலைகள் மேகத்தை ஊடுருவுவதால் கட்டுப்பாட்டாளரின் திரைக்கு மேகமூட்டம் தடையல்ல. நெடுந்தடத்தில் வழக்கமாக 5 கடல்மைலும் விமான நிலையங்களை ஒட்டி 3 கடல்மைலும் இடைவெளி விடுகிறார்கள். ரேடார் எட்டாத கடல் மீது நேரக் கணக்கால் பிரிக்கிறார்கள்.

இரண்டு பாடங்கள்

1960 டிசம்பர் 16 அன்று நியூயார்க் நகரம் மேகத்தில் மூழ்கியிருந்தது. ஓரிடத்தில் வட்டமிட்டுக் காத்திருக்க வேண்டிய யுனைட்டெட் நிறுவனத்தின் டிசி-8 ஜெட், அந்த இடத்தைத் தாண்டிப் பல மைல்கள் வந்து, லாகார்டியா விமான நிலையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த டிடபிள்யூஏ நிறுவன விமானத்தின் மீது பாய்ந்தது. ஜெட் விமானத்தின் இரண்டு வழிகாட்டி அலைவாங்கிகளில் ஒன்று வேலை செய்யவில்லை. விமானிகள் அதைத் தங்கள் நிறுவனத்துக்குச் சொன்னார்கள், கட்டுப்பாட்டாளருக்குச் சொல்லவில்லை. வேறொரு விமானம் நெருங்குகிறது என்று லாகார்டியா கட்டுப்பாட்டாளர் டிடபிள்யூஏ விமானியை எச்சரித்தும் இருந்தார். மேகத்துக்குள் இருப்பவருக்கு அந்த எச்சரிக்கையால் என்ன பயன்? விமானங்களில் 128 பேரும் தரையில் 6 பேரும் இறந்தனர். 10,000 அடிக்குக் கீழே மணிக்கு 250 கடல்மைல் என்ற வேக வரம்பு இதற்குப் பிறகு வந்தது.

இந்தியாவின் பாடம் ஹரியானாவின் சர்க்கி தாத்ரியில் கிடைத்தது. 1996 நவம்பர் 12 மாலை, தில்லியிலிருந்து கிளம்பிய சவூதி போயிங் 747 விமானமும் ஷிம்கென்ட் நகரிலிருந்து தில்லிக்கு வந்துகொண்டிருந்த கசாக்ஸ்தானின் இல்யூஷின்-76 விமானமும் மோதி 349 பேர் இறந்தனர். நடுவான் மோதல்களிலேயே மிகப் பெரிய உயிரிழப்பு இது. சவூதி விமானத்துக்கு 14,000 அடி. கசாக் விமானத்துக்கு 15,000 அடி. எதிரே விமானம் வருகிறது, தெரிந்தால் சொல்லுங்கள் என்றும் கசாக் விமானிகளுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர்கள் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் கட்டுப்பாட்டாளரோடு பேசியவர் வானொலி அலுவலர். அவர் முன்னால் உயரமானி இல்லை, விமானிகளின் கருவிகளைப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். அப்பகுதியில் பறந்த அமெரிக்க ராணுவ விமானத்தின் குழுவினர், ஒரு மேகம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்ததைக் கண்டார்கள்.

விபத்தை விசாரித்த நீதிபதி லகோத்தி ஆணையம் உயரம் தவறிய கசாக் குழுவினரையே பொறுப்பாக்கியது. அது சரியான தீர்ப்பு. ஆனாலும் அந்த ஒரு தவறைத் தாங்கும் இரண்டாவது வேலி அங்கே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வருவதற்கும் போவதற்கும் ஒரே வான்வழிதான் இருந்தது. தில்லி ரேடார் விமானத்தின் இடத்தைக் காட்டியது, உயரத்தைக் காட்டவில்லை. அதன்பின் வழிகள் பிரிக்கப்பட்டன. உயரமும் காட்டும் இரண்டாம்நிலை ரேடார் வந்தது. மோதல் தவிர்ப்புக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது.

கடைசி வேலி

அந்த மோதல் தவிர்ப்புக் கருவியின் பெயர் டிகாஸ். சுற்றியுள்ள விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்களை (வினவலுக்குப் பதில் அனுப்பும் கருவிகளை) அதுவே வினவி, தூரமும் உயரமும் அறிந்து, இன்னும் எத்தனை வினாடியில் மோதல் நேரும் என்று கணக்கிடுகிறது. முதலில் எச்சரிக்கை, பிறகு “ஏறு”, “இறங்கு” என்ற கட்டளை. இரண்டு விமானங்களின் கருவிகளும் தமக்குள் பேசிக்கொண்டு ஒன்றை ஏறவும் மற்றதை இறங்கவும் சொல்லும். மேகமோ இருளோ இதற்குத் தடையில்லை.

கருவியும் கட்டுப்பாட்டாளரும் முரண்பட்டால் யார் சொல் கேட்பது? 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் மீது, டிகாஸ் ஏறச் சொன்ன டுபோலெவ்-154 விமானம் கட்டுப்பாட்டாளர் சொன்னபடி இறங்கியது. கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்த சரக்கு விமானத்தோடு மோதி 71 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். டிகாஸ் கட்டளைக்கே முதலிடம் என்று பன்னாட்டு விதி அதற்குப்பின் ஐயமின்றி எழுதப்பட்டது.

டிரான்ஸ்பாண்டர் இல்லாத விமானத்தை டிகாஸ் அறியாது. சிறு விமானங்களும் இன்ஜின் இல்லாத கிளைடர்களும் பறக்கும் கட்டுப்பாடற்ற வான்பரப்பில் இந்த ஓட்டை இன்றும் இருக்கிறது. பிரிட்டனில் மேகத்துக்குள் புகும் கிளைடர் ஓட்டிகள் தங்கள் இடத்தையும் உயரத்தையும் ஒரு பொது அலைவரிசையில் அறிவித்துவிட்டுப் புகுகிறார்கள். அந்த அலைவரிசையைக் கேட்காதவருக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேராது. தன் உயரத்தைத் தானே அறிவிக்கும் கருவி இல்லாத எந்த வானூர்தியும் மேகத்துக்குள் நுழைய அனுமதி பெறக்கூடாது.