பைக்குமா காசு?

ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து ரைன் ஆற்றோடு வடக்கே போனால் நாற்பது கிலோமீட்டருக்குள் நொய்ஸ் என்ற ஊர் வரும். 1961இல் அந்த ஊரின் ஹோர்டன் பல்பொருள் அங்காடி, வாங்கிய பொருளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தது. ஜெர்மனியில் பிளாஸ்டிக் கடைப்பையின் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அதுவரை பெரும்பாலோர் வலைப்பையோடோ பிரம்புக் கூடையோடோதான் கடைக்குப் போனார்கள். கையை வீசிக்கொண்டு போய் வரலாம் என்ற வசதியைக் கொடுத்தவர்களே கடைக்காரர்கள்தான். பையில் கடையின் பெயர் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. வாடிக்கையாளர் அதைத் தெருவெல்லாம் சுமந்தார். விளம்பரத்துக்கு ஆள் கூலியில்லாமல் கிடைத்தபோது பையைச் சும்மா கொடுப்பதில் கடைக்கு நஷ்டம் ஏது?

மளிகைக் கடைகளில் இந்த இலவசம் நெடுநாள் நீடிக்கவில்லை. யூரோ வருவதற்கு வெகு முன்பே சூப்பர் மார்க்கெட்டுகள் பைக்குச் சில ஃபென்னிக் வாங்கத் தொடங்கிவிட்டன. துணிக்கடை, செருப்புக்கடை, மருந்துக்கடைகளில் பை சும்மாவே கிடைத்தது. 1978இல் "பிளாஸ்டிக்குக்குப் பதில் சணல்" என்று ஓர் இயக்கம் கிளம்பி, வங்கதேசப் பெண்கள் தைத்த சணல் பைகளை ஜெர்மானியர்களின் தோளில் தொங்கவிட்டது. ஆனாலும் பிளாஸ்டிக் பை அசையவில்லை. 2015இல் தலைக்கு ஆண்டுக்கு 68 பை என்ற கணக்கில் நாடு அதைச் செலவழித்துக்கொண்டிருந்தது.

அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் ஓர் ஆணை போட்டது. மெல்லிய பிளாஸ்டிக் பையின் பயன்பாட்டை 2019 முடிவுக்குள் தலைக்கு 90 ஆகவும், 2025 முடிவுக்குள் 40 ஆகவும் குறைக்க வேண்டும். இல்லையென்றால் 2018 முடிவுக்குள் இலவசமாகத் தருவதை நிறுத்த வேண்டும். ஜெர்மனி சட்டம் போடாமல், வணிகர் கூட்டமைப்போடு 2016 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஜூலை 1 முதல் துணிக்கடைகள் பலவற்றிலும் பைக்குக் காசு என்றானது. கொலோன் டோம் தெருவில் தலைமையகம் வைத்திருக்கும் ரேவே சூப்பர் மார்க்கெட் நிறுவனம் ஒரு படி மேலே போய், தன் கடைகளில் பிளாஸ்டிக் கடைப்பை விற்பதையே அந்தக் கோடையில் நிறுத்தியது. ஆண்டுக்குச் சுமார் 14 கோடிப் பைகள் அங்கே விற்றுக்கொண்டிருந்தன.

மக்களுக்கு எரிச்சல் வந்தது. அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கொலோனின் ஷில்டர்காஸே கடைவீதியில் மேல்கோட்டும் காலணியும் வாங்கியவரிடம், பணம் கட்டும் நேரத்தில் "பை வேண்டுமா? இருபது சென்ட்" என்று கேட்டால் முகம் சுருங்கத்தான் செய்யும். பிரச்சினை இருபது சென்ட் அல்ல. அந்தப் பையிலும் கடையின் பெயர்தானே இருக்கிறது? முன்பு சும்மா சுமந்த விளம்பரத்தை இப்போது காசு கொடுத்துச் சுமக்க வேண்டியிருக்கிறது. மளிகைக் கடையில் வேறு அவஸ்தை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் கண்மூடித் திறப்பதற்குள் பொருள்களைத் தள்ளிவிடுவார். பின்னால் வரிசை நிற்கும். பை கொண்டுவர மறந்தவர் குனிந்து, நகரும் பட்டைக்கு அடியில் செருகியிருக்கும் காகிதப் பையை உருவ வேண்டும். குளிர்ந்த பால் பெட்டி வியர்த்து, அந்தப் பையின் அடி டிராம் நிறுத்தம் சேர்வதற்குள் நைந்துவிடும்.

நம் ஊரிலிருந்து இங்கே பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கு இது இன்னும் பெரிய திகைப்பு. "இருநூறு யூரோவுக்கு வாங்கியிருக்கோம், ஒரு பை சும்மா தர மாட்டாங்களா?" என்பார்கள். ஜவுளி எடுத்தால் கட்டைப்பை, கல்யாணத்துக்குப் போனால் தாம்பூலப் பை என்று வளர்ந்தவர்கள் வேறெப்படிக் கேட்பார்கள்?

ஆனால் காசு வேலை செய்தது என்பதை மறுக்க முடியாது. 68 ஆக இருந்த எண்ணிக்கை 2016இல் 45 ஆனது, 2018இல் 24. சில சென்ட்டுக்காக மனிதர்கள் வீட்டுக் கதவுக் கொக்கியில் பை மாட்டி வைக்கப் பழகினார்கள். பழக் காய்கறிப் பகுதியில் சுருளிலிருந்து கிழித்தெடுக்கும் மெல்லிய உறைகள் மட்டும் இந்தக் கணக்கில் வராது. 2020 நவம்பரில் நாடாளுமன்றம் தடைச் சட்டம் நிறைவேற்றியது. 2022 ஜனவரி 1 முதல் 15 மைக்ரானுக்கு மேல், 50 மைக்ரானுக்குக் கீழ் தடிமனுள்ள பிளாஸ்டிக் கடைப்பை ஜெர்மானியக் கல்லாக்களில் கூடாது. மீறும் கடைக்கு ஒரு லட்சம் யூரோ வரை அபராதம் உண்டு. அந்த மெல்லிய உறை இதிலும் தப்பிக்கொண்டது; 50 மைக்ரானுக்கு மேற்பட்ட தடித்த பையும் அப்படியே.

காலியான இடத்துக்கு வந்தது துணிப்பை. கொலோன் கடைகளில் அதன் உட்புறத் தையலில் உள்ள சின்னச் சீட்டைப் புரட்டினால் "இந்தியாவில் தயாரானது" என்று பல பைகளில் இருக்கும். கொல்கத்தாவாக இருக்கலாம், கரூராகவோ திருப்பூராகவோ இருக்கலாம். நம் பக்கத்துப் பை என்றால் அதன் வழி எனக்குத் தெரியும். குஜராத்திலோ தெலங்கானாவிலோ விளைந்த பஞ்சு. மட்டமான பை என்றால் மில்லில் கழித்த பஞ்சைக் கொண்டு ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்லில் ஓட்டிய தடித்த நூல். சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறியில் அது காடா துணியாகிறது. பிறகு கட்டிங், தையல். பையின் காதை உடலோடு சேர்க்கும் இடத்தில் சதுரம் போட்டு, நடுவே பெருக்கல் குறி போட்டு ஓட்டும் தையலைப் பாருங்கள். பாரம் முழுவதையும் தாங்குவது அந்த ஒரு விரற்கடை இடம்தான். அதைத் தைப்பவருக்குக் கூலி பீஸ் கணக்கு. அட்டைப்பெட்டிகள் கன்டெய்னரில் ஏறித் தூத்துக்குடிக்குப் போகும். பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறி, சூயஸ் வழியாகவோ, செங்கடல் பதற்றம் தொடங்கியபின் ஆப்பிரிக்காவைச் சுற்றியோ ராட்டர்டாமுக்கோ ஆண்ட்வெர்ப்புக்கோ சேரும். அங்கிருந்து சரக்குப் படகில் ரைன் ஆற்றை எதிர்த்து வந்தால் கொலோனின் நீல் துறைமுகம்.

இவ்வளவு தூரம் வந்த பை ஓரிரு யூரோவுக்கு விற்கிறது. மறந்து வந்தவர் இன்னொன்று வாங்குகிறார். அடுத்த வாரம் மீண்டும் ஒன்று. கண்காட்சிகளிலும் தேர்தல் நேரத்திலும் சும்மாவே தருகிறார்கள். எனக்கு வருத்தம் இதில்தான். டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வு, பிளாஸ்டிக் பையோடு ஒப்பிடப் பருத்திப் பையைப் பருவநிலைக் கணக்குக்கு மட்டும் 52 முறை பயன்படுத்த வேண்டும் என்கிறது. மற்ற எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை. பெரிய எண்ணை வைத்து வாதாடுவோர் வாதாடட்டும். 52ஐ எட்டுவதே பெரிய காரியம். வாரச் சந்தைக்கு ஒரே பையோடு போனால் ஓராண்டில் எட்டிவிடலாம். கதவுக்குப் பின்னால் பதினைந்து பை தொங்கினால் எந்தப் பை எட்டும்?

பணம் எங்கே போகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அயர்லாந்து 2002 மார்ச்சில் பைக்கு 15 சென்ட் வரி போட்டது. அந்தப் பணம் அரசின் சுற்றுச்சூழல் நிதிக்குப் போனது. பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஜெர்மானிய ஒப்பந்தத்தில் காசு கடைக்கே. இந்தியாவில் இதே எரிச்சல் வழக்காகவே போனது. துணிப்பைக்குத் தனிக் காசு வாங்கிய பிக் பஜார் கடைகளுக்கு எதிராக, 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம் அதை முறையற்ற வணிகம் என்றது. கடைக்குள் நுழையும்போதே சொல்லாமல், பொருளைத் தேர்ந்தெடுத்துக் கல்லாவுக்கு வந்தபின் பைக் காசு கேட்பது தவறு என்பதே அதன் முக்கிய வாதம். சென்னைக் கோயம்பேடு சந்தையில் 2022இல் வைத்த இயந்திரமும் காசுக்குத்தான் பை தருகிறது. பத்து ரூபாய்க்கு ஒரு மஞ்சப்பை. அங்கே யாரும் ஏமாந்ததாக நினைப்பதில்லை. விலை முன்னாலேயே தெரிகிறது. பை எந்தக் கடைக்கும் விளம்பரம் செய்வதில்லை.

பைக்குக் காசு இருக்கட்டும். அது இல்லாமல் 68ஐ 24 ஆக்கியிருக்க முடியாது. ஆனால் காசு வாங்கும் பையில் கடையின் பெயர் இருக்கக் கூடாது. விலை வாசலில் எழுதப்பட வேண்டும். அந்த வருமானம் அயர்லாந்தில் போல ஒரு பொது நிதிக்குப் போக வேண்டும். நீங்கள் கொலோனில் இருந்தாலும் கோவையில் இருந்தாலும், அடுத்த முறை கல்லாவில் நிற்கும்போது இந்த மூன்றையும் கடைக்காரரிடம் கேளுங்கள். வீட்டில் ஏற்கெனவே உள்ள பையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.