கண்டென்சர் அழுத்தமும் கருங்கல் நிலத்து நீரும்

மே மாதப் பிற்பகலில் செகந்திராபாதின் ஒரு மருத்துவமனையிலோ அலுவலக வளாகத்திலோ வாட்டர்-கூல்டு சில்லர் தானாக நின்றுவிட்டால், கன்ட்ரோல் பேனலில் முதலில் எதிர்பார்க்க வேண்டியது ஹெச்.பி. டிரிப். கண்டென்சரில் வாயுவின் அழுத்தம் வரம்பைத் தாண்டியதால் இயந்திரம் தன்னைக் காத்துக்கொண்டது என்று அதற்குப் பொருள். அழுத்தம் ஏன் ஏறியது என்பதற்கு அந்த அறிவிப்பில் விடை கிடையாது. இந்த ஊரில் அந்த விடையை கம்ப்ரஸரில் தேடுவதற்கு முன் தண்ணீரில் தேட வேண்டும் என்பதே என் வாதம். அதற்கு ரிப்பேர் கையேடு மட்டும் போதாது. இந்தப் பாதுகாப்புச் சாதனம் எப்படிப் பிறந்தது, இந்த ஊரின் நீர் எங்கிருந்து வந்தது என்ற இரண்டு கதைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குளிர்ச்சியை இன்றும் டன் கணக்கில்தான் அளக்கிறோம். 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பம் ஒரு டன், ஏறத்தாழ 3.5 கிலோவாட். அமெரிக்க ஏரிகளில் அறுத்த பனிக்கட்டி கப்பலில் வந்து, 1842-இல் கட்டிய சென்னை ஐஸ் ஹவுஸில் அடுக்கப்பட்ட காலத்தின் எச்சம் அந்த அளவு. பிறகு நீராவியால் ஓடும் ஐஸ் இயந்திரங்கள் வந்தன. நீராவி இயந்திரம் சுமை கூடினால் வேகம் குறைந்து முனகும். பக்கத்தில் நிற்பவருக்குக் காதே போதும். அடுத்து வந்த மின் மோட்டார் அப்படியல்ல. அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் அதே வேகத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும், ஏதாவது ஒன்று வெடிக்கும் வரையிலோ காயில் எரியும் வரையிலோ. ஆள் நின்று காதால் செய்த காவலை இயந்திரத்துக்குள்ளேயே வைக்க வேண்டிய கட்டாயம் அங்கேதான் பிறந்தது. வில்லிஸ் கேரியர் 1922-இல் சென்ட்ரிஃபியூகல் சில்லரை அறிமுகப்படுத்தி, பெரிய கட்டடங்களைக் குளிர்விக்கும் வழியைத் திறந்த பிறகு அந்தத் தேவை இன்னும் கூடியது.

இந்தக் காவலில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தெரிவது ஒரு சிறிய பொத்தான். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைந்தால் நிறுத்தும் எல்.பி. கட்-அவுட் பல இயந்திரங்களில் தானாகவே மீண்டும் இணைந்துகொள்ளும். ஹெச்.பி. கட்-அவுட்டை மட்டும் கையால் ரீசெட் செய்யும்படி வைப்பதே தொழிலின் வழக்கம். ஒரு மனிதர் பிளான்ட் அறைக்கு நடந்து வந்து, பார்த்து, யோசித்த பிறகே இயந்திரம் ஓட வேண்டும் என்ற முடிவு அதில் இருக்கிறது. காரணம் பார்க்காமல் அதை அமுக்குகிறவர், அந்தப் பொத்தான் இருப்பதன் நோக்கத்தையே இல்லாமல் செய்கிறார்.

இனி ஊர். நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரில் 1806-இல் உருவான இந்தப் படைநகரம் கருங்கல் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. அதை ஐதராபாதிலிருந்து பிரிக்கும் ஹுசேன் சாகர் 16-ஆம் நூற்றாண்டு ஏரி. ஒரு காலத்தில் குடிநீர் தந்த அது, பின்னாளில் குக்கட்பள்ளி நாலா வழியே ஆலைக்கழிவு வாங்கிக் கெட்டது. 1908-இல் மூசி ஆற்று வெள்ளம் நகரை அழித்ததைத் தொடர்ந்து உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் எழுந்தன. அவையும் போதாமல் மஞ்சீரா, கிருஷ்ணா, கோதாவரி என்று மேலும் மேலும் தொலைவிலிருந்து நீர் கொண்டுவரப்பட்டது. வந்த நீர் முதலில் மனிதர்களுக்கு என்பதே நியாயம். கண்டென்சரின் நீரைக் குளிர்விக்கும் கூலிங் டவருக்குப் பெருமளவு மிஞ்சியது போர்வெல்லும் டேங்கர் லாரியும்தான். பாறை இடுக்கில் நெடுநாள் தங்கிய நீரில் கால்சியமும் சிலிக்காவும் கூடவே வரும்.

இதில் ஒரு கொடுமையான பொருத்தம் இருக்கிறது. தக்காணத்தின் வறண்ட காற்றில் நீர் நன்றாக ஆவியாகும், ஆகவே டவர் இங்கே அருமையாக வேலை செய்யும். ஆனால் அதற்கு நீர் மிக அதிகம் வேண்டிய மாதங்களில்தான் போர்வெல் வற்றுகிறது. 500 டன் சில்லர் முழுச் சுமையில் ஓடினால் டவரில் மணிக்கு ஏறத்தாழ 3,200 லிட்டர் ஆவியாகும். உப்பு சேராமல் இருக்க வெளியேற்றும் நீரையும் சேர்த்தால் பத்து மணி நேரத்தில் 40,000 லிட்டரைத் தாண்டும். நீர் தட்டும்போது முதலில் கைவைப்பது அந்த வெளியேற்றத்தில்தான். உப்பு அடர்கிறது, செப்புக் குழாய்களின் உள்ளே படிகிறது. கண்டென்சரின் எண்ட் கவரைக் கழற்றினால் ஒவ்வொரு குழாயின் வாயிலும் சாம்பல் கலந்த வெள்ளை வளையம் தெரியும்; நைலான் பிரஷ்ஷை உள்ளே தள்ளினால் சொரசொரவென்று தடுக்கும். நல்ல நிலையில், வெளியேறும் நீரைவிட வாயு குளிர்ந்து திரவமாகும் வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரிதான் கூட இருக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் அப்ரோச் என்கிறார்கள். படிவு ஏறினால் அது ஐந்து, ஆறு என்று விரியும். ஆர்-134ஏ வாயுவில் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடும்.

எல்லாவற்றையும் தண்ணீர் மேல் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது சரிதான். டவர் ஃபேனின் பெல்ட் நழுவினாலும், ஸ்ட்ரெய்னர் அடைத்தாலும் அழுத்தம் ஏறும். பழைய ஆர்-11 இயந்திரங்களும் ஆர்-123 இயந்திரங்களும் உறிஞ்சும் பக்கத்தில் வளிமண்டலத்துக்குக் கீழான அழுத்தத்தில் ஓடுவதால், கசிவு வழியே காற்று உள்ளே புகுந்தும் இதே டிரிப் வரும். 2012-ஐ ஒட்டிய மின்தட்டுப்பாட்டு ஆண்டுகளில் ஃபேஸ் கோளாறும் குறைந்த வோல்டேஜும் எத்தனையோ பிளான்ட்களை நிறுத்தியிருக்கும். ஆனால் பெல்ட்டும் ஸ்ட்ரெய்னரும் திடீரென்று காட்டிக்கொடுக்கும், ஃபேஸ் கோளாறு வேறு பெயரில் வரும். உள்ளே புகுந்த காற்றை, அதை வெளியேற்றும் பர்ஜ் யூனிட்டின் ஓட்டம் சொல்லிவிடும். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்து மே மாதத்தில் வெளிப்படுவது படிவுதான்.

புதிய மைக்ரோப்ராஸஸர் கன்ட்ரோலர் அப்ரோச்சைத் தானே கணக்கிட்டுக் காட்டுகிறதே, பிறகென்ன கவலை என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான், காட்டுகிறது. ஆனால் அழுத்தம் வரம்பை நெருங்கும்போது டிரிப் ஆகாமல் சுமையைக் குறைத்துக்கொள்ளவும் அதே கன்ட்ரோலர் கற்றிருக்கிறது. பழைய இயந்திரம் மார்ச்சில் நின்று சொல்லியிருக்கும் செய்தியை இது இரண்டு மாதம் தள்ளிப்போடுகிறது. அந்த இரண்டு மாதமும் ஒவ்வொரு கூடுதல் டிகிரிக்கும் இரண்டு மூன்று சதவீதம் மின்சாரம் வீணாகிறது. ஏர்-கூல்டு சில்லருக்கு மாறிவிடலாம் என்றால், ஒரு டன்னுக்கு மின்சாரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சுத்திகரித்த கழிவுநீரை டவருக்குத் தருவது நல்ல வழி, நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் அதில் மிஞ்சும் அம்மோனியா செப்பை அரிக்கும், பாஸ்பேட் வேறு வகைப் படிவைத் தரும். அங்கேயும் கேள்வி தண்ணீரைப் பற்றியதுதான்.

பிளான்ட் அறையின் லாக் புத்தகத்தில் அழுத்தம், வெப்பநிலை, ஆம்பியர் எல்லாவற்றுக்கும் மணிக்கொரு கட்டம் உண்டு. அன்று டவருக்கு வந்தது குழாய் நீரா, போர்வெல்லா, டேங்கரா, அதன் கடினத்தன்மை எவ்வளவு, எத்தனை லிட்டர் வெளியேற்றினார்கள் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். ஹெச்.பி. டிரிப் வந்த நாளில் ரீசெட்டைத் தொடுவதற்கு முன் புரட்டிப் பார்க்க வேண்டியவை அதற்கு முந்தைய மூன்று மாதத்து வரிகள்.