செம்பின் களிம்பும் கண்டி மலைத் தேயிலையும்

செம்பிற் களிம்பு என்றவுடன் தமிழ் மாணவர்க்கு நினைவில் எழுவது சைவசித்தாந்தம் கூறும் உவமையாகும். செம்பு உள்ள அன்றே களிம்பும் உளதாதல் போல, உயிரோடு ஆணவமலமும் உடனாய் நிற்கின்றது என்பர். அவ்வுவமையிற் களிம்பு நீக்கப்பட வேண்டிய மாசு. ஆயின் கண்டி மலைநாட்டின் பொருளாதார வரலாற்றை நோக்குமிடத்து, அக்களிம்பின் இனத்தைச் சேர்ந்த சேர்வையொன்று ஒரு பெரும் பயிருக்குக் காவலாய் அமைந்தமையைக் காண்கின்றோம். செப்பு ஒட்சிக்குளோரைட்டு என்பது அதன் பெயர். அதன் இயல்பையும், அது மலைநாட்டிற்கு வந்த வரலாற்றையும், அதனைத் தோளிற் சுமந்த மக்களின் நிலையையும் ஒருங்கு வைத்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேயிலைக்கு முன்னர் கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் கோப்பியே ஆட்சி செய்தது. 1870களின் இறுதியில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் நிலத்தில் அது பயிரிடப்பட்டிருந்தது. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலிருந்து நோயுற்ற கோப்பி இலைகள் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்தன. அங்குப் பொறுப்பாளராயிருந்த துவைற்சு அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்கிலி, புறூம் ஆகிய இருவரும் அந்நோய்க்குக் காரணமான பங்கசுக்கு எமிலியா வாசுத்தாத்திரிக்சு எனப் பெயரிட்டனர். இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத்தூள் படிந்து, இலைகள் உதிர்ந்து, மரங்கள் நலிந்தன.

1880இல் மார்சல் உவாட் என்னும் இளம் அறிஞர் இந்நோயை ஆராய இலங்கைக்கு வந்தார். காற்றினாற் பரவும் வித்திகள் இலைமேல் தங்கிய நீர்த்துளியில் முளைத்து, இலைவாய்களினூடே உட்புகுகின்றன என அவர் நிறுவினார். உட்புகுந்த பின்னர் நோயை வெல்லுதல் அரிது. முளைக்குமுன் அழித்தலே வழி என்பது இதனாற் பெறப்பட்டது. ஆயினும் மழை மிகுந்த மலைச்சரிவில் இலைமேல் நிலைத்துநின்று காக்கவல்ல பொருள் அந்நாளில் அறியப்படவில்லை. 1882இல் உவாட் நாடு திரும்பினார். அதே ஆண்டில், பிரான்சின் போர்தோப் பகுதியில், வழிப்போக்கர் பழம் பறியாதிருக்கும் பொருட்டுச் செப்புச் சேர்வை தெளிக்கப்பட்ட திராட்சைக் கொடிகள் மட்டும் நோயின்றி நிற்பதை மில்லாடே என்பார் கண்டார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவையை 1885இல் அவர் உலகறியச் செய்தார். அதற்குள் இலங்கைக் கோப்பி மீளாநிலையை எய்திவிட்டது. கோப்பி வீழ்ந்தபோது தோட்ட உரிமையாளர் மட்டுமன்றி, தமிழகத்திலிருந்து வந்து உழைத்த ஆயிரக்கணக்கானோரும் பிழைப்பிழந்தனர். எஞ்சிய நிலங்களிற் பெரும்பகுதி, 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைக்கு மாறிற்று.

இனி அச்சேர்வையின் இயல்பை நோக்குவாம். நீரேறிய செப்புக் குளோரைட்டு நீலப்பச்சை நிறமான பளிங்கு. நீரில் எளிதிற் கரைவது. அதனை அவ்வாறே இலையில் தெளித்தால் ஒருங்கே வெளிப்படும் செப்பு அயன்கள் இளந்தளிரைக் கருக்கிவிடும். எஞ்சியதை மழை கழுவிச் செல்லும். செப்பு ஒட்சிக்குளோரைட்டோ மூன்று பங்கு செப்பு ஐதரொட்சைட்டும் ஒரு பங்கு செப்புக் குளோரைட்டும் இணைந்த மூலச் சேர்வை. வெளிர்பச்சைத் தூளாகிய இது நீரிற் பெரும்பாலும் கரைவதில்லை. உப்புக்காற்றுப் படும் கடற்கரைச் செம்பிற் படரும் பச்சைக் களிம்பிலும் இவ்வினச் சேர்வைகள் உள. செம்பைக் குளோரைட்டுக் கரைசலிற் கரைத்து, காற்றின் ஒட்சிசனால் ஒட்சியேற்றி இதனைப் பெறலாம். தூய சேர்வையின் நிறையில் ஏறக்குறைய 59 வீதம் செம்பாகும். சந்தைக்கு வரும் நனையுந்தூள்களில் 50 வீதச் செம்பு கொண்டவை பெருவழக்கு.

கரையாமையே இதன் சிறப்பு. இலைமேல் மென்படலமாய்த் தங்கியிருக்கும் இத்தூள், ஈரம் பட்டபோது சிறிது சிறிதாகச் செப்பு அயன்களை விடுவிக்கின்றது. முளைக்கத் தொடங்கும் வித்தி அவற்றை உள்ளீர்க்க, அவை நொதியங்களின் கந்தகத் தொகுதிகளைப் பற்றி அவற்றின் தொழிலை முடக்குகின்றன. உவாட் வேண்டிநின்ற காவல் இத்தகையதே.

அக்காவலின் தேவை 1946இல் எழுந்தது. அசாமில் முன்னரே அறியப்பட்டிருந்த கொப்புள நோய் அவ்வாண்டில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோன்றிற்று. எக்சோபசீடியம் வெக்சான்சு என்னும் பங்கசினால் விளையும் இந்நோய் முதிர்ந்த இலையை விடுத்து இளங்கொழுந்தையே பற்றுவது. பறிக்கப்படும் பொருளும் கொழுந்தே. கவ்வாத்துச் செய்த செடி மீண்டும் தளிர்ப்பதும் கொழுந்தினாலேயே. ஆதலின் கோப்பிக்கு நேர்ந்தது தேயிலைக்கும் நேருமோ என்னும் அச்சம் காரணமற்றதன்று. ஆயினும் இம்முறை மலைநாடு வெறுங்கையோடு நிற்கவில்லை. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. செப்பு மருந்துகளும் இருந்தன. நிலையத்து அறிஞர் காட் முதலியோர் நோயின் போக்கை ஆராய்ந்தனர். 1961இல் விஸ்ஸர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு, வெயிலும் மழையும் இந்நோயிற் கொள்ளும் செல்வாக்கை எடுத்துக்காட்டிற்று. வெயில் மிகுந்த நாட்களில் மருந்தைக் குறைக்கலாம் என்பது இத்தகைய ஆய்வுகளாற் பெற்ற பயன்.

நோய் வந்த வழியையும் அதனை வென்ற வழியையும் நூல்கள் கூறுகின்றன. மருந்தைச் சுமந்தவர் யார் என்பதை அவை விரித்துக் கூறுவதில்லை. மழைக்காலத்தில் ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை, தெளிகருவியை முதுகில் ஏற்றி, வழுக்கும் சரிவுகளில் ஏறி இறங்கி மருந்தடித்தோர் தோட்டத் தொழிலாளரே. நோய் புகுந்து இரண்டாண்டு கழியுமுன், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனக் கணக்கிடப்பட்டனர். நாடற்றோராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. நாட்டின் அந்நியச் செலாவணியைக் காத்த கைகளுக்கு அந்நாட்டில் வாக்களிக்கும் உரிமை இல்லாதிருந்தது என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

செம்பின் மறுபக்கத்தையும் கூறுதல் கடன். செம்பு மூலகமாதலின் சிதைந்து மறைவதில்லை. ஆண்டுதோறும் தெளிக்கப்பட்டது மண்ணிற் சேர்ந்து, அளவு மிகின் மண்புழுவுக்கும் நுண்ணுயிர்க்கும் தீங்காகும். எனினும் தேயிலைக்குச் செம்பு முற்றிலும் அந்நியப் பொருளன்று. கொழுந்தைக் கருந்தேயிலையாக மாற்றும் நொதியமே தன்னுட் செம்பைக் கொண்டது. அளவே மருந்தையும் நஞ்சையும் பிரிக்கின்றது. இன்று வேறு மருந்துகளும் வழக்கிலிருப்பினும் செப்பு மருந்துகள் முற்றாகக் கைவிடப்படவில்லை.

கோப்பி அழிந்ததும் தேயிலை நிலைத்ததும் துரைமாரின் ஊக்கத்தால் மட்டும் விளங்கத்தக்கன அல்ல. பேராதனையில் தொடங்கிய அறிவு, காலந்தாழ்த்தி வந்த ஒரு பச்சைத்தூள், அதனைச் சுமந்த உழைப்பு ஆகிய மூன்றும் கூடியே தேயிலையைக் காத்தன. முதலிரண்டுக்கும் ஏட்டுச் சான்றுகள் உள. மூன்றாவதற்குச் சான்று அந்தனை, கேவாகெட்டை, புசல்லாவைத் தோட்ட லயங்களில் வாழும் முதியோரின் நினைவிலேயே தங்கியுள்ளது. எமது வளாகத்திலிருந்து அந்தனை மலை கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே உள்ளது. அம்முதியோர் மறையுமுன் அவர்தம் வாய்மொழியைப் பதிந்து வைத்தல் எம்மனோர் உடனே மேற்கொள்ளற்பாலது.