காளானில் உயிர்ச்சத்து டி

காளானில் உயிர்ச்சத்து டி பெரும்பாலும் டி2 (எர்கோகால்சிஃபெரால்) வடிவில் காணப்படுகிறது. உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு உயிர்ச்சத்து டி இன்றியமையாதது. இது குறைந்தால் குழந்தைகளுக்கு எலும்பு வளையும் ரிக்கெட்சு நோயும், பெரியவர்களுக்கு எலும்பு மென்மையும் ஏற்படலாம்.

தோன்றும் முறை

காளானின் உயிரணு மென்படலத்தில் எர்கோஸ்டெரால் என்னும் பொருள் உள்ளது. புற ஊதா பி கதிர்கள் படும்போது இது டி2 ஆக மாறுகிறது. மனிதத் தோலில் இதைப் போன்ற வினையால் டி3 உருவாகிறது. இருட்டறையில் வளர்க்கப்பட்ட காளானில் உயிர்ச்சத்து டி மிகக் குறைவு. 100 கிராமில் பொதுவாக 1 மைக்ரோகிராமுக்கும் குறைவாகவே இருக்கும்.

வெயிலில் வைத்தல்

காளானை நறுக்கியோ, செதில்கள் மேல்நோக்கி இருக்குமாறோ நண்பகல் வெயிலில் வைத்தால், 15 நிமிடம் முதல் 2 மணி நேரத்துக்குள் 100 கிராமில் ஏறத்தாழ 10 மைக்ரோகிராம் (400 பன்னாட்டு அலகு) வரை உருவாகலாம். வெயிலின் வலிமை, காளான் வகை ஆகியவற்றைப் பொறுத்து இவ்வளவு மாறும். சன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிர்களைப் பெரிதும் தடுப்பதால் அதன் பின்னால் வைப்பது பயன் தராது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சங்கராபுரம் ஏறத்தாழ 12° வட அகலாங்கில் உள்ளதால், அங்கு ஆண்டு முழுவதும் இதற்குத் தேவையான வெயில் கிடைக்கிறது.

தமிழ்நாட்டில் வளர்ப்பு

தமிழ்நாட்டில் வைக்கோலில் சிப்பிக் காளானும் பால் காளானும் வளர்க்கப்படுகின்றன. வெப்பத்தைத் தாங்கும் ஏ.பி.கே. 2 என்ற பால் காளான் வகையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998 இல் வெளியிட்டது.

மாத்திரைகளுடன் ஒப்பீடு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 அலகு தேவை. வெயிலில் வைத்த 100 கிராம் காளான் இதில் மூன்றில் இரு பங்கை அளிக்கக்கூடும். எனினும் இரத்தத்தில் உயிர்ச்சத்து டி அளவை உயர்த்துவதிலும் நிலைநிறுத்துவதிலும் டி3 மேம்பட்டது. கடுமையான குறைபாட்டைக் காளானால் மட்டும் சரிசெய்ய இயலாது. காளானில் பி2, நியாசின், செலினியம் ஆகியவையும் உள்ளன. ஆனால் பி12 தேவைக்கு அதை நம்பியிருக்க முடியாது.

எச்சரிக்கை

மருத்துவர்கள் பெரும்பாலும் வாரம் ஒருமுறை எடுத்துக்கொள்ளப் பரிந்துரைக்கும் 60,000 அலகு மருந்து 100 நாள் தேவைக்குச் சமம். இதைத் தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் இரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம். கல்வராயன் மலை போன்ற காடுகளில் தானாக முளைக்கும் காளான்களுள் நச்சுடையவையும் இருக்கலாம். வெயிலில் உலர்த்துவதாலோ வேகவைப்பதாலோ கொடிய காளான் நச்சுகள் நீங்குவதில்லை.