லட்சத்தீவில் ஃப்ளஷ் செய்த தண்ணீர் எங்கே போகிறது?

லட்சத்தீவுக்கு டூர் பிளான் போடும்போது நீங்கள் கூகுளில் தேடுவது என்ன? பெர்மிட், கப்பல் டிக்கெட், ஸ்கூபா டைவிங். அங்கே பாத்ரூமில் ஃப்ளஷ் செய்த தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் தேடுவதில்லை. ஆனா அந்தத் தீவுகளின் குடிநீர்க் கதையே அதில்தான் இருக்கு.

முதலில் நாட்டு நிலவரம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கைப்படி, இந்திய நகரங்களில் தினமும் உருவாகும் கழிவுநீர் 72,368 எம்.எல்.டி. (ஒரு எம்.எல்.டி. என்றால் நாளுக்கு 10 லட்சம் லிட்டர்). உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 20,235 எம்.எல்.டி. அதாவது 28%.

லட்சத்தீவு இந்தக் கணக்குக்குள் அடங்காத ஊர். மொத்த நிலமே 32 சதுர கி.மீ.தான். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 64,000. ஆறு கிடையாது, ஏரி கிடையாது. பெய்யும் மழை பவள மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு என்பதுதான் காரணம். வீட்டுக் கிணறுகள் எடுப்பது இந்தப் படலத்திலிருந்துதான். கடலில் அலையேற்றம் வந்தால் கிணற்று மட்டமும் ஏறும், இறங்கும்.

அதே மணலில்தான் செப்டிக் டேங்கும் இருக்கிறது. டேங்கிலிருந்து வழியும் நீரை மண் மெதுவாக வடிகட்டும் என்பதுதான் செப்டிக் டேங்கின் அடிப்படைக் கணக்கு. களிமண் கலந்த நிலத்தில் அது ஓரளவு நடக்கும். பவள மணலில் தண்ணீர் சல்லடையில் விழுந்த மாதிரி இறங்கிவிடும். கழிவுநீர் உறிஞ்சு குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. சதுர கிலோமீட்டருக்கு 2,000 பேருக்கு மேல் வாழும் இடத்தில், உங்கள் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளிப் போனால் அது பக்கத்து வீட்டுக் கிணறாக இருக்கலாம்!

காய்ச்சிக் குடித்தால் போதாதா? கிருமி சாகும், சரி. கழிவிலிருந்து வரும் நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாவதால் அதன் அடர்த்தி கொஞ்சம் கூடவே செய்யும். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கே என்பீர்கள். இருக்கிறது. சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-ல் கவரத்தியில் அமைத்தது, நாளுக்கு 1 லட்சம் லிட்டர். 11,000 சொச்சம் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 9 லிட்டர். குடிக்க, சமைக்க ஆகும். குளிக்க, துவைக்க, ஃப்ளஷ் செய்ய மறுபடியும் கிணறுதான்.

பெரிய எஸ்.டி.பி. கட்டிவிடலாமே?

பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு 70 லிட்டர் தண்ணீர், அதில் 80% கழிவுநீர் என்ற வழக்கமான கணக்கை வைத்தால், கவரத்திக்குச் சுமார் 6 லட்சம் லிட்டர் வரும். பெருநகரக் கணக்கில் இது தூசு. ஆனால் கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும் மணலில் குழாய் பதிக்க வேண்டும், பம்ப் ஓட்ட மின்சாரம் வேண்டும், பழுதானால் உதிரிபாகம் கப்பலில் வர வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல், சுத்திகரித்த நீரை எங்கே விடுவது? சாதாரண எஸ்.டி.பி. கரிமக் கழிவைத்தான் நன்றாகக் குறைக்கும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் பெருமளவு தங்கிவிடும். அதைக் காயலில் விட்டால் பாசி செழித்து, பவளத்தை மூடும். 1998, 2010, 2016 வெப்ப அலைகளில் வெளுத்துப்போன பவளத்துக்கு இது இன்னொரு அடி. அந்தப் பவளத்திட்டுதான் அலையைத் தடுத்து தீவைக் காக்கிறது.

ரயில் பெட்டிகளில் பார்த்திருப்பீர்களே, டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய பயோ-டாய்லெட், அந்த வகையும் இங்கே பேசப்படுகிறது. பாக்டீரியா மலத்தைச் சிதைக்கும், கசடு குறையும். வெளிவரும் நீரில் கிருமியும் சத்தும் மிச்சமிருக்கும், அதற்குத் தனி வடிகட்டல் தேவை. என் பார்வையில் தீவுக்குப் பொருந்துவது, கசியாத டேங்க், பத்துப் பதினைந்து வீடுகளுக்கு ஒரு சிறு சுத்திகரிப்பு, அந்த நீரைத் தென்னைக்குப் பாய்ச்சுவது. வேர்கள் எடுத்துக்கொள்ளும் நைட்ரஜன் கிணற்றுக்குப் போகாது.

அடுத்த முறை அங்கே ரூம் புக் செய்தால், வைஃபை பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: உங்கள் டேங்க் அடியில் மூடியதா, திறந்ததா? கசடை யார் எடுக்கிறார்கள், எங்கே கொண்டுபோகிறார்கள்?